கமிஷனர் வழங்கும், சேர்மன் நடிக்கும்

எங்கள் நகராட்சிக்கு யூடியூப் சேனல் இருக்கிறது. ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வருகிறது. வார்டுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. அதில் அட்மின் மட்டும்தான் பேசலாம், மற்றவர்கள் கைகூப்பும் பொம்மையை ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். குடிதண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறது. வீடியோ தினமும் வருகிறது.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் தப்பித்தது என்று நிம்மதி அடைந்துவிடுவார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி இருந்தன. இதில் எந்தப் பெயரை எடுத்து எங்கள் ஊருக்கு வைத்தாலும் பொருந்தும்.

நகராட்சி என்னென்ன சேவை செய்கிறது, அதை எப்படிப் பெறுவது என்று மக்களுக்கு வீடியோவில் விளக்குவதுதான் நோக்கமாம். அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அரசாணைத் தமிழைப் படித்துப் பொருள் சொல்ல அரசாணை எழுதியவராலேயே முடிவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இன்றைக்கு கைப்பேசியில் வீடியோ பார்க்கிறாள். பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது, எவ்வளவு கட்டுவது, யாரிடம் கட்டக் கூடாது என்பதை ஒரு நிமிடத்தில் அவளுக்குக் காட்டிவிட முடியும். செலவும் இல்லை, சுகாதார ஆய்வாளரின் கைப்பேசியே போதும். இத்தனை நல்ல வாய்ப்பு கையில் கிடைத்தால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? படம் எடுப்பார்கள். எடுத்தார்கள்.

அப்படி வந்த படம் ஒன்றின் கதை இது. தலைப்பு, திடக்கழிவு மேலாண்மை விழிப்புணர்வு. தொடக்கத்தில் டிரோன். ஊர் கீழே விரிகிறது. நானூறு அடி உயரத்திலிருந்து பார்த்தால் எந்த ஊரும் ஊட்டிதான். குழி தெரியாது, கொசு தெரியாது, பேருந்து நிலையத்துக் கழிப்பறை வாடை கேமராவில் ஏறாது. பாதி ஆக்கிரமிப்பில் போன ஏரிகூட வெயிலில் தகதகக்கிறது. நாங்கள் வசிப்பது ஐந்தரை அடி உயரத்தில்.

அடுத்து ஒரு வெள்ளைக் கார். கதவு திறக்கிறது, மெதுவாக. ஒரு கால் இறங்குகிறது, இன்னும் மெதுவாக. உறுமி அதிர்கிறது. வந்தது வில்லனோ கதாநாயகனோ என்று குழந்தைகள் பதறுவதற்குள் சேர்மன் முகம் காட்டுகிறார். கையில் புத்தம் புதுக் கையுறை, புத்தம் புது விளக்குமாறு. அதை அவர் கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறார். அந்த இடத்தைத் தூய்மைப் பணியாளர்கள் விடிவதற்கு முன்பே கூட்டி முடித்துவிட்டார்கள். பிறகு, கேமராவுக்குக் குப்பை வேண்டுமே என்று ஒரு கூடைச் சருகைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பியதும் அவர்களே. சேர்மன் நாலு இழுப்பு இழுத்ததும் படக்குழு கைதட்டுகிறது. மிச்சத்தை யார் கூட்டினார்கள் என்பது படத்தில் இல்லை.

சேர்மனுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. அதனால் எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் பெண்கள். வீடியோவிலோ அவர்களின் கணவன்மார் முன்வரிசையில் நிற்கிறார்கள். கவுன்சிலர் அம்மா மூன்றாவது வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்கு மேல் பாதி நெற்றியாகத் தெரிகிறார். இந்த ஒரு சட்டகத்தை வெட்டி எடுத்துச் சட்டப் புத்தகத்துக்கு அட்டைப்படமாகப் போடலாம்.

அப்புறம் பேச்சு. யார் நல்லாசியுடன், யார் வழிகாட்டுதலின்படி, யார் மேலான ஆலோசனையின் பேரில், யார் முன்னிலையில் என்று பெயர்கள் வரிசைகட்டி வருகின்றன. மூச்சு வாங்கிய பிறகு, பொதுமக்கள் இந்த அரிய வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறார் சேர்மன். எந்த வாய்ப்பு? அதைச் சொல்வதற்குள் படம் முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒரு தொலைபேசி எண், நகராட்சி முத்திரைக்கும் ஏஜென்சி முத்திரைக்கும் நடுவே, கொட்டாவி விடும் நேரத்துக்குள் வந்து மறைகிறது. படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தால் மணி அடிக்கும். மணி மட்டும் நன்றாக அடிக்கும்.

எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுத்த பிறகு வண்டிக்காரர் இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டுவது ஏன், வண்டி வராத நாளில் யாரைக் கேட்பது? திடக்கழிவு குறித்த படத்தில் இந்த மூன்றும் இல்லை. குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி 2016இலேயே வந்துவிட்டது. நாங்கள் பிரிக்கிறோம். அவர்கள் சேர்க்கிறார்கள். அதைப் படம் பிடிக்கத்தான் டிரோன் இறங்கி வர மறுக்கிறது.

படம் எங்களுக்காக எடுக்கப்படவில்லை என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. தூய்மை இந்தியா திட்டத்தில் தகவல், கல்வி, தொடர்பு என்று ஒரு தனித் தலைப்பு உண்டு. அதற்குத் தனிப் பணமும் உண்டு. 2016 முதல் ஸ்வச் சர்வேக்ஷன் என்று நகரங்களுக்கு மதிப்பெண் போட்டுத் தரவரிசையும் வெளியிடுகிறார்கள். விழிப்புணர்வு ஏற்படுத்தியதற்குச் சான்று காட்ட வேண்டும். விழிப்புணர்வைப் பெட்டியில் போட்டு டெல்லிக்கு அனுப்ப முடியாது, வீடியோவை அனுப்பலாம். ஆகவே பார்வையாளர் டெல்லியில் இருக்கிறார், தயாரிப்பாளர் இங்கே இருக்கிறார், நாம் பின்னணியில் நடந்துபோகும் துணை நடிகர்கள். இத்தனை படம் எடுத்தும் 2024–25 தரவரிசையில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் சென்னைக்கு 38ஆவது இடம், மதுரைக்கு 40ஆவது இடம். டிரோன் பறந்த உயரத்துக்கும் தரவரிசையில் நின்ற இடத்துக்கும் யாராவது கணிதப் பேராசிரியர் ஒரு சூத்திரம் கண்டுபிடித்துத் தரலாம்.

டெல்லிக்குப் போனது போக மீதி தேர்தலுக்கு. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த ஒரு பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் கீழே விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். அதன் பிறகு ஃபிளெக்ஸ் என்றால் கோர்ட்டு, கேஸ், கண்டனம். ஃபிளெக்ஸ் கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? தெருமுனையிலிருந்து கழற்றி நம் சட்டைப்பைக்குள் கொண்டுவந்து கட்டிவிட்டது. முன்பு வணக்கம் போட்டபடி அசையாமல் நின்றவர் இப்போது அசைகிறார், பேசவும் செய்கிறார். ஒரு முன்னேற்றம் உண்டு, மறுக்கக் கூடாது: இந்த பேனர் சரிந்தால் ஆள் சாவதில்லை.

அரசு விளம்பரத்தில் யார் முகம் வரலாம் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் வழிகாட்டியது: குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி, அவ்வளவுதான். மறு ஆண்டு மார்ச்சில் மாநிலங்கள் போய் அழுததும் ஆளுநர், முதலமைச்சர், துறை அமைச்சர்கள் முகத்துக்கும் இடம் கிடைத்தது. அந்தப் பட்டியலில் சேர்மன் இல்லை, துணை சேர்மன் இல்லை, வட்டச் செயலாளர் இல்லவே இல்லை, வட்டச் செயலாளரின் மச்சான் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் இது விளம்பரமே இல்லையே, விழிப்புணர்வு அல்லவா? விழிப்புணர்வுக்கு எத்தனை முகம் வேண்டுமானாலும் போடலாம். கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை: எந்தக் கட்சி மன்றத்தில் உட்கார்ந்தாலும் இசையமைப்பு மாறுவதில்லை. ஒளிப்பதிவில் துண்டின் நிறத்துக்கேற்ப வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கிறார்கள்.

2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 மார்ச்சில்தான் புதிய கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். நடுவில் ஐந்து ஆண்டுக்கு மேல் நகரங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு உறுப்பினர்கூட இல்லை. தனி அலுவலர் ஆண்டார். அந்த ஐந்தாண்டிலும் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வந்தது. மன்றம் வந்த பிறகும் அதே வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறது. கூடுதலாகக் கிடைத்தது வீடியோ.

பழைய தமுக்கு நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள். நாளைக்கு விடியற்காலையில் என்று தொடங்கினால் நாள், நேரம், இடம், கட்ட வேண்டிய தொகை, கட்டாவிட்டால் நடக்கப்போவது எல்லாம் ஒரே மூச்சில் வந்து முடிந்துவிடும். அந்தத் தமுக்கைத் தூக்கும் வேலையை ஒரு சாதியின் தோளில் ஊர் பலவந்தமாக ஏற்றி வைத்திருந்தது. அது இழிவு. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். எப்போதோ செய்திருக்க வேண்டிய நல்ல காரியம். இழிவை ஒழித்தது சரி. அதோடு சேர்த்து நாளையும் நேரத்தையும் இடத்தையும் ஏன் ஒழித்தீர்கள்?

உண்மையில் எங்கள் தெருவுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒன்று இருக்கிறது. வால்வு திறக்கிற அண்ணன். சைக்கிளில் நீளமான ஒரு இரும்புத் திருப்பியைக் கட்டிக்கொண்டு வருவார். தண்ணீர் தப்பினால் தெருப் பெண்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

“அண்ணே, இன்னைக்கு உண்டா?”

“இல்லம்மா, மோட்டார் காயில் போயிருச்சு. கட்டிட்டு வர நாளன்னிக்கு ஆயிரும். ராத்திரி பத்துக்கு மேலதான் திறப்பேன், குடத்த எடுத்து வச்சுக்கங்க.”

கோளாறு என்ன, காரணம் என்ன, எப்போது சரியாகும், அதுவரை என்ன செய்வது என்று நான்கும் வந்துவிட்டன. உறுமி இல்லை, டிரோன் இல்லை, நல்லாசி இல்லை. நகராட்சியின் மக்கள் தொடர்பு முழுவதையும் இந்த ஒரு மனிதர் தன் சொந்த ரீசார்ஜில் நடத்திக்கொண்டிருக்கிறார். அவர் நகராட்சி ஊழியரும் இல்லை, கான்ட்ராக்டரின் ஆள். சம்பளம் எப்போது வரும் என்ற தகவல் மட்டும் அவருக்கு எந்த வழியாகவும் வருவதில்லை.

சேவைகளைப் பற்றி இவர்கள் சொல்லாததை, பின்னணி இசை இல்லாமலேயே, நானே சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. பதிவு செய்தவருக்கு முதல் சான்று இலவசம். பெயர் வைக்காமல் பதிந்திருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், அதன் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றுதான் ஆதாரம். ஆக, பெயர் சேர்க்காமல் விட்ட தாய்க்கு நாளைக்கு எத்தனை அலைச்சல் என்று யோசித்துப் பாருங்கள். சொத்து வரியை அரையாண்டின் தொடக்கத்திலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இதில் எதையாவது உங்கள் ஊர் வீடியோவில் பார்த்திருந்தால் அந்த ஊரில் எனக்கு ஒரு வாடகை வீடு பார்த்துச் சொல்லுங்கள்.

இதை ஏன் சொல்வதில்லை? மறதியால் என்று நினைக்கும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை. பிறப்புச் சான்றைக் கட்டணமில்லாமல் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று பாட்டிக்குத் தெரிந்துவிட்டால், அலுவலக வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு வேலை என்ன? அவரிடமிருந்து உள்ளே போகும் பங்குக்குக் கதி என்ன? கட்டட அனுமதிக்கு என்னென்ன தாள், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்று வீடியோவில் தெளிவாகச் சொல்லிவிட்டால், சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்மொழியாகச் சொல்பவர் தன் மகளை எந்தக் காசில் கட்டிக்கொடுப்பார்? தகவலைத் தராமல் வைத்திருப்பதில் ஒரு குடும்பமல்ல, ஒரு தெருவே பிழைக்கிறது. வரி விஷயத்தில் மட்டும் இவர்கள் பேச்சு பளிங்காக இருக்கும். 2022 ஏப்ரலில் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்களே, அப்போது கட்ட வேண்டிய தொகையும் கடைசித் தேதியும் பெரிய எழுத்தில் வந்தன. கட்டாதவர் வீட்டு வாசலில் குப்பைத் தொட்டியை வைப்பது, தண்ணீர்க் குழாயைத் துண்டிப்பது என்று செயல்முறை விளக்கமும் உண்டு. நாம் கொடுக்க வேண்டியதைச் சொல்லும்போது தெளிவு. அவர்கள் கொடுக்க வேண்டியதைச் சொல்லும்போது பின்னணி இசை.

காது கேளாதவருக்கு இந்த வீடியோக்களில் எழுத்து ஓடாது, சைகை மொழிபெயர்ப்பாளர் ஓரத்தில் நிற்க மாட்டார். இவற்றைச் செய்யச் சொல்லும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. உறுமிச் சத்தம் கேட்காமல் படத்தை மட்டும் பார்க்கும் பாக்கியம் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

நகராட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தை நடத்துவது ஏஜென்சிப் பையன்கள். அவர்களுக்கு வயது இருபத்திரண்டு, சம்பளம் குறைவு, சினிமா அறிவு அதிகம். அதனால் சாக்கடை அடைப்புக்குப் புகார் எழுதினால் வடிவேலு வருகிறார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கவுண்டமணி வருகிறார். சிரிப்பு நடிகர்கள் வந்த வேகத்தில் ஜெட்ராடிங் வண்டி வந்திருந்தால் ஊரே மணத்திருக்கும். பிறகு கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும்: புகார் தீர்க்கப்பட்டது. கூடவே ஒரு படமும் இருக்கும். படத்தில் இருப்பது சுத்தமான தெருதான். நம் தெருதான் இல்லை. சென்னையில் மாநகராட்சிக்குப் புகார் சொல்ல 1913 என்று ஓர் எண் இருக்கிறது. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே. எந்த ஆண்டில் புகார் தொடங்கியது என்று மறக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

கேலி இதுவரை போதும்.

2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகால் பணிக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் இரவில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்தார். அந்த இடத்தில் தேவைப்பட்டது ஒரு தடுப்பு, ஒரு சிவப்பு விளக்கு, ‘இங்கே பள்ளம்’ என்ற இரண்டு சொல். உள்ளாட்சியோ வேறு துறையோ, குடிமகனுக்குத் தர வேண்டிய முதல் தகவல் அது. வடிகால் பணி எத்தனை கிலோமீட்டர் முடிந்தது, எத்தனை கோடி செலவானது என்று படம் காட்டத் தெரிந்த அரசமைப்புக்கு, பள்ளம் வெட்டிய இடத்தில் ஒரு பலகை வைக்கத் தெரியவில்லை. அந்தப் பலகைக்கு டிரோன் வேண்டாம். பழைய தகரம் போதும்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். எங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள், எங்கள் கூலியைக் குறைக்காதீர்கள் என்பது கோரிக்கை. 1688இல் தொடங்கிய, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சியின் வாசலில், அந்த மாநகராட்சியின் தெருக்களைக் கூட்டியவர்கள் பதின்மூன்று நாள் கிடந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, காவல் துறை அவர்களைக் கைது செய்து வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தியது. மறுநாள் இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்ட அறிவிப்புகள் வந்தன. அந்த நள்ளிரவின் காட்சிகள் ஊருக்குத் தெரிந்தது தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் நிருபர்களும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்ததால். விளக்குமாறு பிடிக்கும் சேர்மனுக்கு நாலு கோணத்தில் கேமரா வைக்கிற நாட்டில், விளக்குமாற்றையே வாழ்க்கையாகப் பிடித்தவளை இழுத்துச் செல்லும்போது கேமரா அவளுடையதாகத்தான் இருந்தது.

கேமரா எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்பதில் எல்லா ஊர் அலுவலகங்களும் தெளிவாக இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒட்டியிருப்பது சேவைப் பட்டியல் இல்லை. அனுமதியின்றி வீடியோ எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. நீங்கள் தெருவில் ஓடும் சாக்கடையை முப்பது நொடி எடுத்துப் போட்டுப் பாருங்கள். சாக்கடையைப் பார்க்க ஆள் வருவதற்கு முன் வீடியோவைப் பார்த்த ஆள் வருவார். “தம்பி, நம்ம ஊர் மானம் போகுதுல்ல, எடுத்துருங்க” என்பார். ஊர் மானம் சாக்கடையில் ஓடியபோது போகவில்லை, கைப்பேசியில் ஓடியதும் போய்விட்டது.

நகர்மன்றக் கூட்டம் நடக்கிறது. அறுபது எழுபது தீர்மானம், பல கோடி ரூபாய் வேலை, டீ ஆறுவதற்குள் ‘ஆல் பாஸ்’. நாடாளுமன்றம் நடப்பதை வீட்டிலிருந்து பார்க்கிறோம். டெல்லியில் எம்.பி. மேஜை தட்டுவது தெரிகிறது. எங்கள் தெருத் தார்ச்சாலைக்கு எங்கள் கவுன்சிலர் கை தூக்கினாரா, தூங்கினாரா என்று தெரியவில்லை. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றக் கூட்டத்துக்குப் போகும் யாரும் அதைப் படம் பிடித்து வெளியிடலாம் என்று 2014இல் விதி செய்துவிட்டார்கள். சென்னைக்கு மாநகராட்சியைக் கொண்டுவந்தது அந்த ஊர்க் கம்பெனிதான். வரியும் மேயர் அங்கியும் சங்கிலியும் செங்கோலும் கப்பலேறி வந்தன. இந்த விதி மட்டும் ஏன் இன்னும் கடலிலேயே நிற்கிறது?

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களிலும் பகுதி சபாக் கூட்டம் நடந்தது. பம்மலில் நடந்ததில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராமசபைபோல நகரத்தானும் நேரில் எழுந்து கேள்வி கேட்கலாம் என்ற ஏற்பாடு. மனதார வரவேற்றேன். பிறகு எங்கள் வார்டில் சபா எப்போது கூடியது என்று எனக்குத் தெரிந்தது, கூடி முடித்து அதன் வீடியோ வந்தபோதுதான். பார்த்தேன். நாற்காலிகள் நிரம்பியிருந்தன. ஒரு முகமும் எங்கள் வார்டு முகம் இல்லை. கூட்டத்துக்கு முந்தைய நாள் வர வேண்டிய தகவல், கூட்டம் முடிந்த மறுநாள் இசையோடு வந்திருந்தது. இதைத்தான் எங்கள் ஊரில் மக்களுக்குத் தகவல் அளித்தல் என்கிறார்கள்.

இனி உங்கள் வாட்ஸாப்புக்கு அடுத்த படம் வரும்போது கைகூப்பும் பொம்மையைப் போடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சேவை, செலவு விவரங்களையெல்லாம் நாம் கேட்காமலேயே அவர்கள் வெளியிட வேண்டும் என்கிறது. அவர்கள் வெளியிடாததால், ஒரு வெள்ளைத் தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் வீடியோவுக்கும் சமூக ஊடகத்துக்கும் ஆன செலவு எவ்வளவு, எந்தத் திட்டத் தலைப்பில், எந்த நிறுவனத்துக்கு, டெண்டர் விட்டா விடாமலா? எங்கள் தெருவுக்குக் குடிநீர் திறக்க வேண்டிய நாளும் நேரமும் எது, திறக்காத நாட்களின் பதிவேட்டு நகல் எங்கே? கடந்த பகுதி சபாவில் கையெழுத்திட்டவர்களின் வருகைப் பதிவேடு எங்கே? முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். பதிலை வீடியோவாக அனுப்பினால் வாங்காதீர்கள். கையொப்பத்தோடு, தேதியோடு, எழுத்தில் கேளுங்கள்.